தாடியை விடுங்கள், சுவரைப் பாருங்கள்

வகுப்பு நண்பன் ஒருவன் ஓர் ஓவியரை வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தான். தாடி இருந்தது, ஜோல்னாப் பை இருந்தது, அவர் தன் கையால் போட்டுக் கொடுத்த கட்டங்காப்பி இருந்தது, 'எவ்வளவு எளிமையான மனிதர்' என்பது மூன்று இடத்தில் இருந்தது. அவர் என்ன வரைகிறார் என்பது மட்டும் இல்லை. கேட்டேன். "மாடர்ன் ஆர்ட்டுடா" என்றான். எண்ணெய் வண்ணமா, அக்ரிலிக்கா? முழித்தான்.

அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. தமிழில் ஓவியர்களைப் பற்றி நான் படித்தவற்றில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். நானும் யோக்கியனில்லை. முதல் வருடத்தில் ஒரு சிற்பியின் பட்டறைக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், படமும் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு யோசித்தால் அவர் நாயின் பெயர் ஞாபகம் வருகிறது. சிற்பம் ஒன்றுகூட வரவில்லை. (நாயின் பெயர் டைகர்.)

ஆதிமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் அவர் இறந்தபோது நான் அரிச்சுவடி படித்துக்கொண்டிருந்தேன், சந்திக்க வழியே இல்லை. அவரோடு பழகியவர்கள் எழுதியதைப் படித்தால் நல்ல மனிதர் என்று தெரிகிறது, சந்தோஷம். 1969இல் காந்தியைக் கோடுகளாகப் போட்டது தெரிகிறது, புத்தக அட்டைகளில் அவர் எழுதிய எழுத்துகள் தெரிகின்றன. ஆனால் அதே மனிதர் பிற்பாடு கோட்டை விட்டுவிட்டு, உருவமே இல்லாமல் வெறும் வண்ணத்தால் பெரிய பெரிய கித்தான்களை நிரப்பினாரே, அது ஏன்? கோட்டில் அத்தனை பெயர் வாங்கியவர் எதற்காக அதைக் கீழே வைத்தார்? எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. அஞ்சலிக் கட்டுரைகளில் தேடினேன், அன்பும் பண்பும்தான் கிடைத்தது.

"மனிதரைத் தெரிந்தால்தானே படைப்பு புரியும்?" என்று சண்டைக்கு வருவீர்கள், தெரியும். சரி, தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் எதை? 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தைத் தொடங்கியபோது, பாத்திக் துணி மாதிரியான கைவினைப் பொருட்கள் செய்து விற்றுத்தான் வயிற்றைக் கழுவினார்கள். ஓவியம் விற்காத ஊரில் ஓவியராக இருப்பதற்கு அப்படி ஒரு வழி. இதைக் கேளுங்கள். செம்புத் தகட்டை நந்தகோபால் எப்படிப் பற்றவைத்தார், அவர் சிற்பங்கள் ஏன் கோயில் மூர்த்தி மாதிரி முன்னால் நின்று பார்ப்பதற்கென்றே இருக்கின்றன, இதைக் கேளுங்கள். என்ன பிராண்டு சிகரெட் என்பதில் எனக்கு ஆர்வமில்லை.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியம் ஒன்றின் முன்னால் ஒருநாள் நோட்டோடு நின்றேன். ஜாதகக் கட்டம் மாதிரி, மலையாள எழுத்து மாதிரி பொடிப்பொடியாக எழுதியிருக்கும். பார்த்து எழுதிக்கொண்டே வந்தேன். நாலாவது வரியில்தான் உறைத்தது, அவற்றில் எதுவுமே எழுத்தில்லை. ஆனாலும் என் கை ஒவ்வொரு தடவையும் அதை ஒரு எழுத்தாக மாற்றிவிடுகிறது! வாசிக்கப் பழகிய கைக்கு, வாசிக்க முடியாத ஒன்றை எழுதவே வரவில்லை. மனிதர் 1977லேயே போய்விட்டார். அன்றைக்கு அவரிடம் நான் கற்றுக்கொண்ட அளவுக்கு, நேரில் கைகொடுத்த யாரிடமும் கற்றதில்லை.

நண்பன் எழுதிய அந்த ஓவியரை நேற்று நானும் பார்க்கப் போனேன். அவன் உட்கார்ந்த அதே நாற்காலி. எதிர்ச் சுவரில் ஆறடிக்கு ஒரு படம், முக்கால்வாசி நீலம், வலது மூலையில் மட்டும் சுண்ணாம்பு வெள்ளை. அங்கே உட்கார்ந்தால் அதைப் பார்க்காமல் இருக்கவே முடியாது. கட்டுரையைப் படித்தேன், நல்லா எழுதியிருக்கான் என்றார். காப்பி கொண்டுவந்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, ரொம்பத் தயங்கி, "அந்தத் தம்பிக்கு இந்த நீலம் பிடிச்சிருந்துதாப்பா? ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

பிடிச்சிருந்தது சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.