பட்டிமன்றத்துக்கு வராத உரிமை

குடியரசு தினம் வந்தால் எங்கள் குடியிருப்பில் கொடியேற்றம், மிட்டாய், அப்புறம் ஒரு பட்டிமன்றம். இந்த வருஷத் தலைப்பு: "குடிமக்களுக்குப் பெரிதும் தேவையான உரிமை பேச்சுரிமையா, சமத்துவமா?" பேச்சுரிமை அணி மைக்கை விடுவதாக இல்லை. சமத்துவ அணி தீண்டாமையை ஒழித்த 17-வது பிரிவை எடுத்துக்கொண்டு நன்றாகவே பேசியது. 32-வது பிரிவைத்தான் அரசியலமைப்பின் இதயம், ஆன்மா என்று அம்பேத்கர் சொன்னார், ஆகவே இரண்டு அணிக்கும் வெற்றி என்று நடுவர் முடித்தார். கைதட்டல். டீ, வடை.

22-வது பிரிவைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. வருஷா வருஷம் இதே கதைதான்.

அப்படி என்ன இருக்கிறது அதில்? கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். விரும்பிய வக்கீலைக் கலந்துகொள்ள விட வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். டீ குடிக்கும்போது இதைச் சொன்னேன். "தப்பு பண்ணாதவனுக்கு அதெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டு இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார் ஒருவர். சற்று முன்புதான் பேச்சுரிமைக்காக மேஜையைத் தட்டியவர்.

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் போலீஸ் பிடித்துப்போன தகப்பனும் மகனும் செல்போன் கடை வைத்திருந்தவர்கள். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தது என்பதுதான் புகார். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார், கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. சில நாட்களில் இரண்டு பேரும் இறந்துபோனார்கள். 22-வது பிரிவு வெறும் சடங்காகிப்போனால் கடைக்காரரும் தப்ப முடியாது. இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்?

ஆனால் நமக்கு மாவுக்கட்டு பிடித்திருக்கிறது. கைதானவர் கழிவறையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டார் என்று செய்தி வருகிறது. கட்டுப் போட்ட படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்கிறது. அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களின் தரை மட்டும் ஏன் இத்தனை வழுக்குகிறது என்று கேட்டால் நாம் ரவுடிக்கு வக்காலத்து வாங்குகிறவர்.

நம் வீட்டுப் பிள்ளையையே "சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்" என்று கூட்டிப்போகட்டும், அப்போது தெரியும். ராத்திரி ஆகியும் ஆள் வராது. கேட்டால், "அரெஸ்ட் இன்னும் காட்டலையே" என்பார்கள். காட்டாத வரைக்கும் 24 மணி நேரக் கடிகாரம் ஓடாதாம்! கைது செய்தால் அதற்கு ஒரு குறிப்பு எழுதி, சாட்சி கையெழுத்து வாங்கி, உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996-இல். அதை ஸ்டேஷன் வாசலில் நின்று எடுத்துச் சொல்லிப் பாருங்கள். "வக்கீலா நீ?" என்பதுதான் பதிலாக வரும்.

எந்த உரிமை பெரியது என்று பட்டிமன்றம் வைக்கவே தேவையில்லை என்பேன். ஆட்சியில் இருப்பவர்களுக்கு அது எப்போதோ தெரியும். நெருக்கடி நிலை வந்ததும் 1975 ஜூன் 27-இல் ஓர் ஆணை போட்டார்கள்: 14, 21, 22 ஆகிய மூன்று பிரிவுகளுக்காக யாரும் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. நாம் மேடையில் மறந்துபோகும் 22 அவர்களுக்கு முதல் வாரத்திலேயே நினைவுக்கு வந்துவிட்டது.

இந்தப் பிரிவை 1949 செப்டம்பரில் அம்பேத்கர் கொண்டுவந்தபோதே அதில் ஓர் ஓட்டையும் இருந்தது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கு 24 மணி நேர விதி கிடையாது, வக்கீலும் கிடையாது. அந்த ஓட்டை வழியாக வந்ததுதான் நம்மூர்க் குண்டர் சட்டம், 1982-இல். கள்ளச்சாராயக்காரர், ரவுடி என்று தொடங்கி, பிறகு திருட்டு விசிடி விற்பவரையும் மணல் கடத்துபவரையும் சேர்த்துக்கொண்டார்கள். விசாரணை நடந்து தீர்ப்பு வருவதற்கு முன்பே ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். "குண்டாஸ்ல போட்டாச்சு" என்று செய்தி வந்தால் ஊருக்கு நிம்மதி. யாரைப் போட்டார்கள், எதற்குப் போட்டார்கள் என்று கேட்பாரில்லை.

நெருக்கடி நிலை முடிந்த பிறகு வந்த 44-வது திருத்தம், 20, 21-வது பிரிவுகளை இனி எப்போதும் முடக்க முடியாது என்றது. 22-க்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஆலோசனைக் குழுவைக் கேட்காமல் தடுப்புக் காவலில் மூன்று மாதம் வைக்கலாம் என்றிருந்ததை இரண்டு மாதமாகக் குறைக்கவும் அதே திருத்தத்தில் ஒரு பிரிவு வைத்தார்கள். நாடாளுமன்றத்தில் அது நிறைவேறிய ஆண்டு 1978. எத்தனையோ ஆட்சிகள் வந்து போய்விட்டன. அந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை இதுவரை ஒரு அரசும் வெளியிடவில்லை.