நொய்யல் கரையில் ஒரு பழைய ஏற்றுமதி நகரம்!

எகிப்து நாட்டில், செங்கடல் ஓரத்தில், குசேர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதற்கு வடக்கே "பழைய குசேர்" என்ற பாழடைந்த துறைமுகம் இருக்கிறது.

எகிப்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் பிரமிடைப் பார்ப்பார்கள். நைல் நதியில் படகில் போவார்கள். பழைய குசேருக்கு வருகிறவர்கள் மிகக் குறைவு. அங்கே என்ன இருக்கிறது? மணல், உப்புக் காற்று, இடிந்த சுவர்கள். அவ்வளவுதான்.

1978 முதல் 1982 வரை அமெரிக்கப் புதைபொருள் ஆராய்ச்சியாளர்கள் அங்கே தோண்டினார்கள். உடைந்த பானை ஓடுகள் இரண்டு கிடைத்தன. அவற்றில் எழுத்து கீறப்பட்டு இருந்தது. அது கிரேக்க எழுத்து அல்ல. எகிப்தியரின் சித்திர எழுத்தும் அல்ல.

தமிழ்!

ஓர் ஓட்டில் "கணன்" என்று இருந்தது. மற்றொன்றில் "சாதன்" என்று இருந்தது. நம்முடைய கண்ணனும் சாத்தனும்தான். அந்தக் காலத்தில் மெய்யெழுத்தை இரட்டிக்காமல் எழுதுவது வழக்கம்.

பிறகு அதே இடத்தில் இங்கிலாந்து நாட்டவர்கள் தோண்டினார்கள். இன்னொரு ஓடு கிடைத்தது. அதில் "பானை ஒறி" என்று எழுதி இருந்தது. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைப் படித்துச் சொன்னார். பானை உறி! கிருஷ்ண ஜெயந்திக்கு உறியடி விழா நடத்துகிறோமே, அதே உறி. கடல் கடந்து போன தமிழன் தன் பானையை உறியில் தொங்க விட்டிருக்கிறான். எந்தப் பானை எதற்கு என்று எழுதியும் வைத்திருக்கிறான். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு!

கண்ணனும் சாத்தனும் எந்த ஊர்க்காரர்கள்? ஓடு அதைச் சொல்லவில்லை. ஆனால் அதே எழுத்தில், அதே போலப் பானை ஓட்டில் கீறிய பெயர்கள் திருப்பூருக்குப் பக்கத்தில் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அந்த இடங்களை ஒரே நாளில் சுற்றிப் பார்த்து விடலாம். தெரிந்த நிபுணர் ஒருவர் கூட வர வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்கு வெறும் சோளக்காடுதான் தெரியும்.

படியூர் பச்சைக் கல்

பயணத்தில் முதல் இடம் படியூர். திருப்பூரில் இருந்து காங்கயம் போகும் சாலையில் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் தினமும் இந்த ஊரைக் கடந்து போகிறார்கள்.

இந்த மண்ணுக்கு அடியில் "பெரில்" என்ற விலை உயர்ந்த கல் கிடைத்தது. கடல் நீர் போன்ற பச்சையும் நீலமும் கலந்த நிறம். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்களும் இங்கே தோண்டிக் கற்களை எடுத்தார்கள்.

பெரில் என்றால் ரோமாபுரிச் சீமாட்டிகளுக்கு உயிர். பிளினி என்ற ரோமானிய அறிஞர் கி.பி. முதல் நூற்றாண்டில் இந்தக் கல்லைப் பற்றி எழுதினார். இது பெரும்பாலும் இந்தியாவில்தான் கிடைக்கிறது என்றார். அதோடு விடவில்லை. இந்தியர்கள் பளிங்குக் கல்லுக்குச் சாயம் ஏற்றிப் போலிக் கற்களும் செய்கிறார்கள் என்று ஒரு குட்டு வைத்தார்! சாயம் போடும் வித்தை நமக்குப் புதிது அல்ல போலும்.

படியூரைத் தாண்டினால் சிவன்மலை. அந்தப் பக்கத்தில் நீலக் கல் கிடைத்தது. அப்பால் சென்னிமலை. இன்று போர்வைக்கும் ஜமுக்காளத்துக்கும் பெயர் பெற்ற ஊர். அன்று அதன் சுற்றுப்புறத்தில் இரும்புத் தாது கிடைத்தது.

இந்தப் பொருள்கள் எல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தன?

கொடுமணல்

சென்னிமலைக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில், நொய்யல் ஆற்றின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த சிறிய ஊர். ஆனால் திருப்பூர் எல்லை கூப்பிடு தூரம்தான்.

பதிற்றுப்பத்து என்ற சங்க நூலில் "கொடுமணம்" என்ற ஊர் வருகிறது. அங்கே செய்த அணிகலன்களைப் புலவர்கள் புகழ்கிறார்கள். கபிலர் பாடினார். அரிசில்கிழாரும் பாடினார். அந்தக் கொடுமணம்தான் இந்தக் கொடுமணல் என்பது அறிஞர்கள் முடிவு.

1985-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே தோண்டத் தொடங்கியது. பேராசிரியர் கா. ராஜன் இந்த ஆராய்ச்சியில் பல ஆண்டுகள் உழைத்தார். பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறை, புதுவைப் பல்கலைக்கழகம், மத்திய அரசின் தொல்லியல் துறை என்று மாறி மாறித் தோண்டின. 2020, 2021 ஆண்டுகளிலும் வேலை நடந்தது.

ஊருக்குள் நடக்கும்போது நிபுணர் முதலில் காலடியைப் பார்க்கச் சொல்வார். கறுப்பும் சிவப்புமான ஓட்டுத் துண்டுகள் மண்ணில் கிடக்கும். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் வந்த நிறம். அந்தக் கால மக்கள் சோறு உண்ட கலங்கள் அவை. எழுத்து உள்ள ஓடுகள் மட்டும் 500-க்கு மேல் கிடைத்தன.

யார் யார் பெயர்கள் அவை? "கண்ணன் ஆதன்" உண்டு. "விசாகி" உண்டு. "சம்பன் சுமணன்" என்ற வடக்கத்திப் பெயரும் உண்டு. வெளியூர் வியாபாரிகள் வந்து தங்கியிருக்கிறார்கள் என்பதற்கு இது சாட்சி. ஓர் ஓட்டில் "நிகம" என்று எழுதி இருக்கிறது. வணிகர் சங்கம் என்று பொருள். திருப்பூரில் ஏற்றுமதியாளர்களுக்குச் சங்கம் இருக்கிறது அல்லவா? கொடுமணலிலும் இருந்தது!

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. எழுத்துகளைக் கீறியவர்கள் அரசர்கள் அல்ல, அரண்மனைப் புலவர்களும் அல்ல. கைவேலை செய்த மக்கள், கல் பட்டறைக்காரர்கள், பானை வைத்திருந்த குடும்பத்தார். "இது என்னுடையது" என்று பெயர் எழுதத் தெரிந்தவர்கள்.

இந்த எழுத்துகளுக்கு வயது என்ன? கி.மு. 3-ம் நூற்றாண்டு என்பது பழைய கணக்கு. கரித்துண்டுகளை விஞ்ஞானச் சோதனை செய்த பிறகு, கி.மு. 5-ம் நூற்றாண்டு வரை போகலாம் என்கிறார் ராஜன். எல்லா அறிஞர்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வாதம் நடக்கிறது. நடக்கட்டும்.

பாசிமணிப் பட்டறை

கொடுமணலில் பாசிமணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. மணி கிடைப்பது அதிசயம் அல்ல. எப்படிப்பட்ட மணி கிடைத்தது என்பதுதான் அதிசயம்.

சில மணிகள் முழுசாக முடிந்தவை. சில பாதியில் நின்றவை. வெறும் கல்லாகக் கிடந்தவை, உடைத்துச் செதுக்கியவை, தேய்த்தவை, மெருகு ஏற்றியவை, துளை போடும்போது உடைந்தவை என்று எல்லாம் ஒரே இடத்தில் கிடந்தன.

ஒரு பனியன் கம்பெனியில் பாதி வெட்டிய துணியும், தைத்து முடிக்காத சட்டையும், "செக்கிங்"கில் கழித்துப் போட்ட துண்டும் கிடந்தால் என்ன அர்த்தம்? பனியன் அங்கேயே தயார் ஆகிறது என்று அர்த்தம். கொடுமணலும் அப்படித்தான். அது மணி விற்ற கடை மட்டும் அல்ல. மணி செய்த தொழிற்சாலை!

பெரிலும் நீலக் கல்லும் பளிங்கும் சுற்றுப்புறத்தில் கிடைத்தன. ஆனால் சிவப்பு நிறச் சூதுபவளக் கல் குஜராத் பக்கத்தில் இருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. வெளியூரில் இருந்து மூலப்பொருளை வாங்கி, இங்கே வேலை செய்து, மறுபடி வெளியூருக்கு அனுப்பினார்கள். திருப்பூர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

செத்தவர்களைப் புதைத்த இடம் ஊரை ஒட்டி இருக்கிறது. பெரிய கற்களை வட்டமாக அடுக்கி, நடுவில் பலகைக் கல்லால் அறை கட்டினார்கள். பலகையில் வட்டமாக ஒரு துளையும் விட்டார்கள். அப்படிப்பட்ட ஒரே கல்லறையில் 2,000-க்கு மேல் சூதுபவள மணிகள் இருந்தன. கல் பதித்த வெண்கலப் புலி ஒன்றும் கொடுமணலில் கிடைத்தது. கைக்கு அடக்கமான புலி. செய்தவன் கை தேர்ந்த கை.

இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்தன. மூசையில் வைத்து உருக்குச் செய்யவும் இவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தக்களியும் கப்பல் பாயும்

நூல் ஊரில் இருந்து வருகிறவர் இனிமேல்தான் நின்று பார்க்க வேண்டும். கொடுமணலில் சுட்ட மண்ணால் செய்த தக்களி வில்லைகள் கிடைத்தன. நடுவில் துளை. அதில் இரும்புக் கம்பி. பஞ்சு நூற்கும் கருவி!

திருப்பூருக்குப் பனியன் வந்தது 20-ம் நூற்றாண்டில். ஆனால் இந்த ஆற்றங்கரையில் நூல் நூற்பது 2,000 ஆண்டுப் பழக்கம்.

மறுபடியும் எகிப்துக்கு வருவோம். செங்கடல் கரையில் பெரனிகே என்ற இன்னொரு பழைய துறைமுகம் இருக்கிறது. 1994 முதல் அங்கே தோண்டுகிறார்கள். இந்திய ஜாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. தமிழ் எழுத்துப் பொறித்த ஓடு கிடைத்தது. 2022-ல் புத்தர் சிலை ஒன்றும் கிடைத்தது. பருத்தித் துணிகளும் கிடைத்தன. கப்பல் பாயாக விரித்த துணியும் அவற்றில் உண்டு.

துணி இந்தியத் துணி என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

முறுக்கைப் பார்த்துத்தான்! எகிப்தியர்கள் நூலை ஒரு பக்கமாக முறுக்கினார்கள். அதை மில்காரர்கள் "எஸ்" முறுக்கு என்பார்கள். இந்தியர்கள் எதிர்ப்பக்கமாக முறுக்கினார்கள். அது "இசட்" முறுக்கு. பெரனிகேயில் கிடைத்த பருத்தித் துணிகள் பல இசட் முறுக்கு. பூதக்கண்ணாடி வைத்து நூலை எண்ணிப் பார்த்து, இது இந்திய நூல் என்று சொன்னார்கள். ஆனால் இந்தியாவில் எந்த ஊர் நூல் என்று முறுக்கை வைத்துச் சொல்ல முடியாது. அது கொங்கு நாட்டு நூல்தான் என்று மார்தட்டுவது தவறு.

நாலில் ஒரு பங்கு வரி

சரக்கு எந்த வழியாகப் போனது? மேற்குக் கடற்கரையில் முசிறித் துறைமுகம். அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாடு. நொய்யலை ஒட்டியே கொடுமணல், கரூர், அப்புறம் கிழக்கே சோழ நாடு. இந்தப் பாதை நெடுக ரோமானியக் காசுகள் கிடைக்கின்றன. கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் 1842-ல் மட்டும் 522 வெள்ளிக் காசுகள் கிடைத்தன.

முசிறியில் ஏறிய சரக்கு பருவக்காற்றில் செங்கடலுக்குப் போகும். ஒட்டகத்தின் முதுகில் பாலைவனத்தைக் கடக்கும். நைல் நதியில் இறங்கி அலெக்சாண்ட்ரியாவைச் சேரும்.

அங்கே வரி! சரக்கின் மதிப்பில் நாலில் ஒரு பங்கு. 25 சதவீதம்!

இதற்கு எழுத்திலேயே ஆதாரம் இருக்கிறது. எகிப்தில் கிடைத்த ஒரு நாணல் காகிதம் வியன்னா நகரில் பாதுகாக்கப்படுகிறது. கி.பி. 2-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முசிறி வியாபாரத்துக்கு வாங்கிய கடனுக்கான ஒப்பந்தம் ஒரு பக்கம். "ஹெர்மபோலன்" என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு மறுபக்கம். சரக்கின் மதிப்பு ஏறக்குறைய 70 லட்சம் ரோமானியக் காசுகள். நாலில் ஒரு பங்கு வரியும் அதில் பேசப்படுகிறது.

வரியைக் கட்டியவன் ரோமானிய வியாபாரி. ஆனால் அவன் தன் கையில் இருந்தா கொடுத்திருப்பான்? விற்கும் விலையில் கூட்டியிருப்பான். முடியாவிட்டால் வாங்கும் விலையில் குறைத்திருப்பான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்தபோது, வரியில் பாதியை நீயே ஏற்றுக்கொள் என்று வாங்குகிறவர்கள் கேட்பதாகத் திருப்பூரில் பேச்சு எழுந்தது. அலெக்சாண்ட்ரியா வரியின் பாரம் எவ்வளவு கொடுமணல் பட்டறை வரை வந்ததோ, அதை எழுதி வைக்க ஆள் இல்லை.

கொடுமணல் என்ன ஆயிற்று? கிறிஸ்து பிறந்து சில நூற்றாண்டுகளில் ஊர் ஒடுங்கிவிட்டது. ரோமாபுரி வியாபாரம் தளர்ந்தது ஒரு காரணமாக இருக்கலாம். அது ஒன்றுதான் காரணம் என்று சொல்வது அவசரம்.

ஆறும் மேடும்

பயணத்தின் கடைசி இடம், பார்க்க மனம் வராத இடம். கொடுமணலுக்குப் பக்கத்தில் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. விவசாயத்துக்குத் தண்ணீர் தருவதற்காகக் கட்டினார்கள். 1992-ல் திறந்தார்கள். ஆனால் திருப்பூர்ச் சாயக் கழிவு அதில் வந்து தேங்கியது. அணையில் தண்ணீர் இருந்தால் சந்தோஷப்பட வேண்டிய உழவர்கள், தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது.

2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் மறுபடி நடத்தலாம் என்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலை இழந்து தவித்தன. பிறகு சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, பட்டறைகள் திறந்தன. தொழிலும் வேண்டும், ஆறும் வேண்டும் என்ற வழக்கு கோர்ட்டில் முடிந்தாலும் ஆற்றில் முடியவில்லை.

கரையில் உள்ள பழம்பொருள்களுக்கும் ஆபத்து உண்டு. கொங்கு நாட்டில் எத்தனையோ கல்வட்டங்கள் உழவுக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் கலைக்கப்பட்டு விட்டன. உழுதவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கீழடியில் 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள். குழந்தைகளை அழைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக மக்கள் போகிறார்கள். கொடுமணல் பொருள்களோ, தோண்டிய நிறுவனங்கள் பல என்பதால் பல ஊர்களுக்குப் பிரிந்து போயின. ஒரே கூரையின் கீழ், நொய்யல் கரையிலேயே அவற்றைக் காட்டினால், திருப்பூர்க் குடும்பங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

வேலை செய்யும்போது பழங்காசோ நகையோ மண்ணில் அகப்பட்டால், அதைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878-ல் வந்த புதையல் சட்டம் அப்படிச் சொல்கிறது. தாசில்தாரிடம் சொன்னாலும் செய்தி போய்ச் சேரும். ஓட்டுத் துண்டு கிடைத்தால் எடுத்துக் கழுவிப் பாருங்கள். எழுத்து மாதிரி கீறல் தெரிந்தால், கிடைத்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இடம் தெரியாத ஓட்டை வைத்து நிபுணரால் அதிகம் சொல்ல முடியாது.