கிழங்குக்குள்ளே ஒரு மாத்திரை!

கல்ச்சுரல்ஸ், அக்கா கல்யாணம், ஊர்க் கோயில் கொடை... தேதி இடிக்குதுன்னா ஹாஸ்டல்ல உடனே ஒரு ஐடியா கிடைக்கும். "மெடிக்கல்ல பீரியட்ஸ் தள்ளிப்போடுற மாத்திரைன்னு கேளுடி, தருவாங்க!" பெயர்கூடத் தெரியாமல் வாங்கிப் போடும் அந்த மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது நோரெதிஸ்டிரோன். அதோட ஜாதகத்தைப் புரட்டினா, மெக்ஸிகோவின் காட்டுக் கிழங்கு ஒண்ணுல போய் நிக்குது.

1940-களின் தொடக்கத்தில் புரோஜெஸ்டிரோன் என்கிற பெண் ஹார்மோன், கிராம் 80 டாலர்! செடியிலிருந்து அதைத் தயாரிக்க முடியுமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார் அமெரிக்கப் பேராசிரியர் ரஸ்ஸல் மார்க்கர். தாவரவியல் புத்தகத்தில் பார்த்த ஒரு படத்தை நம்பி, ஸ்பானிஷ் தெரியாமலே 1942-ல் மெக்ஸிகோவின் வெராக்ரூஸ் பக்கம் கிளம்பிட்டார். கிடைத்தது நம்ம வள்ளிக்கிழங்குக்கு ஒன்றுவிட்ட சொந்தம். கிழங்கு மூட்டை திருடு போக, போலீஸ்காரருக்குக் காசு கொடுத்து ஒரு கிழங்கை மீட்டார். (லஞ்சம் உருப்படியான காரியத்துக்கு உதவிய அபூர்வ கேஸ்!)

கிழங்கில் இருந்த டயோஸ்ஜெனினை லேபில் பல கட்டமாக மாற்றி, 3 கிலோ புரோஜெஸ்டிரோன் எடுத்துக் காட்டினார். 1944-ல் மெக்ஸிகோ சிட்டியில் சின்டெக்ஸ் கம்பெனி பிறந்தது. அங்கேதான் 1951 அக்டோபர் 15 அன்று நோரெதிஸ்டிரோன் உருவானது. லேபில் அதைச் செய்தவர் லூயிஸ் மிராமோன்டெஸ். வயசு 26, டிகிரி தீஸிஸ்கூட முடிக்காத மாணவர்! ஃபைனல் இயர் புராஜெக்ட்டை ஜெராக்ஸ் கடையில் தேடும் மக்கள் கவனிக்க.

இதே டயோஸ்ஜெனின் வெந்தயத்திலும் இருக்கு. உடனே, "வெந்தயம் தின்னா ஹார்மோன் சரியாயிடும்"னு வாட்ஸ்அப் சித்தர்கள் கிளம்பிடுவாங்க. டயோஸ்ஜெனினை ஹார்மோனாக மாற்றும் என்ஸைம் நம்ம உடம்பில் கிடையாது பாஸ். அந்த வேலை லேபில்தான் நடக்கும். வெளிநாடுகளில் 'இயற்கை ஹார்மோன்' என்று விற்கும் காட்டுக் கிழங்கு கிரீமுக்கும் இதே கதிதான்.

சரி, கிழங்கிலிருந்து வந்த மாத்திரைதானேன்னு மிட்டாய் மாதிரி போடலாமா? ம்ஹூம்! இது டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து. வழக்கமான அளவு 5 மி.கி., தினம் மூணு வேளை. தேதிக்கு மூணு நாள் முன்பே தொடங்கணும். உடம்புக்குள் போனதும் ஒரு சிறு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறும். ஈஸ்ட்ரோஜன், ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். உங்களுக்கோ அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்களுக்கோ ரத்தக்கட்டி வந்திருந்தால், உங்களுக்கு ஒற்றைத் தலைவலி இருந்தால், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லணும். ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ ஃபங்ஷனை மறந்துட்டு நேரா ஆஸ்பத்திரிதான்.

நிறுத்தின ரெண்டு மூணு நாளில் பீரியட்ஸ் வந்துடும். வரலைன்னா அதுக்கும் ஒரு மாத்திரை கேட்டு மெடிக்கலுக்கு ஓடாதீங்க. டாக்டரைப் பாருங்க.