போர் விமானமும் தோட்ட வீடும்: கூட்டுத் திட்டங்கள் எங்கே சிக்குகின்றன?

2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் திரண்டிருந்த மலையக மக்கள் முன்னிலையில், மேலும் 10,000 வீடுகள் கட்டித் தரப்படும் என இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். அதன் முதற்கட்டமாக 1,300 வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டதோ 2024 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் சீமெந்தும் கம்பியும் விலையேறின. பழைய ஒதுக்கீடு போதாமல், வீடொன்றுக்கான தொகை 28 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது.

ஒருவர் பணமும் மற்றவர் காணியும் தரும் திட்டம் இழுபடுவது புதிதல்ல. இங்கே நிதி தரும் இந்தியாவே, போர் விமான விடயத்தில் இதைவிடப் பெரிய பாடம் படித்திருக்கிறது.

ஐந்தாம் தலைமுறைப் போர் விமானத்தைக் கூட்டாக உருவாக்க இந்தியாவும் ரஷ்யாவும் 2007இல் உடன்பட்டன. 2010 டிசெம்பரில் ஆரம்ப வடிவமைப்புக்கான ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்தியா செலுத்த வேண்டிய பங்கு 29.5 கோடி டொலர். ஆனால் அந்த ஆண்டு ஜனவரியிலேயே ரஷ்யாவின் முதல் மாதிரி விமானம் பறந்துவிட்டது. செலவில் சமபங்கு ஏற்கக் கேட்கப்பட்ட இந்தியாவுக்கு, வடிவமைப்பில் மிஞ்சியிருந்தது கொஞ்சமே. தொழில்நுட்ப உரிமை, விமானத்தின் தரம், செலவு என ஒவ்வொன்றிலும் இழுபறி நீடித்தது. 2018இல் இந்தியா விலகிக்கொண்டது. இப்போது உள்நாட்டிலேயே அத்தகைய விமானத்தை வடிவமைக்க, 2024 மார்ச்சில் சுமார் 15,000 கோடி இந்திய ரூபாய்க்கு அனுமதி வழங்கியிருக்கிறது.

செல்வந்த நாடுகளும் இதற்கு விதிவிலக்கல்ல. 2017இல் பிரான்சும் ஜேர்மனியும் தொடங்கி, பின்னர் ஸ்பெயினும் இணைந்த விமானத் திட்டத்தில், தலைமை யாருக்கு, வேலையில் யாருக்கு எவ்வளவு என்பதில் டசோவும் எயார்பஸ்ஸும் மோதிக்கொண்டன. பிரான்சுக்கு விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கக்கூடிய விமானம் வேண்டும். ஜேர்மனிக்கு அது தேவையில்லை. மாறாக, பிரித்தானியா, ஜப்பான், இத்தாலி ஆகியவற்றின் கூட்டுத் திட்டத்தில் மூன்று தரப்பு நிறுவனங்களுக்கும் தலா 33.3 சதவீதப் பங்கு என முன்கூட்டியே எழுதிக்கொண்டார்கள். செலவுப் பிரச்சினை அங்கும் வரலாம். ஆனால் யாருக்கு எவ்வளவு என்ற சண்டைக்கு இடம் குறைவு.

ஆக, கூட்டுத் திட்டம் எதுவானாலும் கையெழுத்துக்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். விலை ஏறினால் மேலதிகச் செலவு யாருடையது? முடிவெடுப்பவர் யார்? உருவானது கடைசியில் யாருக்குச் சொந்தம்?

விமானத் திட்டத்தில் இந்தியா வற்புறுத்திய மூன்றாவது கேள்வியைத்தான் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்ட மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். வீட்டுச் சாவி கைக்கு வந்தாலும், 7 பேர்ச் காணிக்கான உறுதி பலருக்கு வந்து சேரவில்லை. பணம் போட்டும் வடிவமைப்பு உரிமை கிடைக்காத திட்டத்திலிருந்து விலக இந்தியாவால் முடிந்தது. லயன் அறையை விட்டால் வேறு இடமில்லாத குடும்பத்துக்கு அந்த வழி கிடையாது. எனவே எஞ்சிய வீடுகளுக்கு நாள் குறிக்கும்போதே, காணி உறுதிக்கும் நாள் குறிக்கப்பட வேண்டும்.