புது மீனை உடனே தொட்டியில் விடாதீங்க

சந்தையில் வாங்கின ஆட்டை நாங்க யாரும் நேரா பட்டியில் விடமாட்டோம். மூணு வாரமாவது தனியா கட்டி, மூக்கு ஒழுகுதா, கழியுதா, தீனி எடுக்குதான்னு பார்ப்போம். ஒரு ஆடு ஆட்டுக்கொல்லி நோயோடு வந்தா பட்டியே காலி.

வீட்டில் வண்ண மீன் வளர்க்கிற நகரத்து நண்பர்களுக்கும் இதையேதான் சொல்வேன். கொளத்தூர் கடையில் மீன் பளபளன்னுதான் இருக்கும். ஆனா வெண்புள்ளி நோய் முதல்ல செவுளில் ஒளிஞ்சிருந்தா கண்ணுக்குத் தெரியாது. உப்புத் தூவின மாதிரி புள்ளி தெரிஞ்ச பிறகு அந்த ஒட்டுண்ணி மீனை விட்டு உதிர்ந்து, அடியில் ஒட்டி, நூற்றுக்கணக்கில் பெருகி மறுபடி மீனைத் தேடும். தோலுக்குள்ள இருக்கிறதை மருந்து தொடாது. நீந்தித் திரியறதைத்தான் கொல்லும். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு வாரத்தில் ஒரு சுற்று முடிஞ்சுடும். மூணு வாரம் தனியா வெச்சா ஒளிஞ்சிருக்கிறது பெரும்பாலும் வெளிய வந்துடும்.

இடமில்லை, செலவாகும்பாங்க. மூடி போட்ட 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும். பழைய தொட்டியில் ஊறின ஸ்பாஞ்சு ஃபில்டர் ஒண்ணு, ஒளிய ஒரு உடைஞ்ச சட்டி, தனி வலை. அடிக்கடி கொஞ்சம் தண்ணி மாத்துங்க. கடைப்பைத் தண்ணியை மட்டும் தொட்டியில் ஊத்திடாதீங்க.

காலித் தொட்டிக்கு முதல் மீன் வாங்குறவங்களுக்கு இது வேண்டியதில்லை. அந்தத் தொட்டியே தனித்தொட்டிதான். ஏற்கெனவே மீன் இருக்கிற வீட்டுக்கு இது கட்டாயம். ஆடாவது வேலி தாண்டி ஓடும். தொட்டி மீன் எங்கே ஓடும்?