கிருமிக்கு வேலி, மனிதருக்குப் பழியன்று!

2020 மார்ச்சில் அரியாலையில் நடந்த ஆராதனைக் கூட்டமொன்றின் பின்னர் யாழ்ப்பாணத்தின் முதற் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். நல்லூர்ப் பகுதியில் எழுந்த கேள்வி யாது? “கொண்டு வந்தவன் யார்?” என்பதே! நோயாளி குற்றவாளியானான், வதந்தி நீதிபதியாயிற்று.

விஞ்ஞானம் அவ்வாறு தீர்ப்பளிப்பதில்லை. பிறர் கமத்தில் மேய்ந்த மாட்டைச் சுட்ட குறி காட்டிக்கொடுப்பது போல, ஏறக்குறைய 30,000 எழுத்துக்கள் கொண்ட கிருமியின் மரபணு வரிசை அதன் வழியைக் காட்டும். மாதத்துக்கு இரண்டோர் எழுத்து மாறும். ஒரே மாற்றங்களைத் தாங்கியவை ஒரு கிளையின. 2020 ஒக்டோபரில் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகம் இவ்வரிசையை வாசித்தே, மினுவாங்கொடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன்சந்தையிலும் பரவியது ஒரே கிளை, அதுவும் முன்னர் கண்டவற்றின் வேறானது என நிறுவிற்று.

வரிசை கிருமிகளின் உறவைச் சொல்லுமேயன்றி, இன்னார் இன்னாருக்குக் கொடுத்தார் என்று சத்தியம் செய்யாது. அதனை வைத்து மனிதரைப் பழிப்போர் அறிவிலிகளே.

நாம் கேட்பது சலுகையன்று. 2020 ஏப்ரலிலேயே யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடம் பீசீஆர் பரிசோதனை நடத்தியது. ஆற்றலுக்கு வேறு சான்று வேண்டுமோ? அடுத்த கொள்ளைநோயின் முதல் மாதிரிகள் இம்மண்ணிலேயே வாசிக்கப்படல் வேண்டும். பொட்டு எங்கேயென அறியாதவன் வேலி அடைப்பது எங்ஙனம்? கொழும்பின் விடைக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்கு நாம் வழங்கும் மானியமன்றோ!