டிரைவர் அண்ணா எங்க படுக்கிறது?

மார்கழிப் பௌர்ணமி வந்தால் போதும், வெள்ளவத்தையில் ஆளுக்கொரு வாட்ஸ்அப் குரூப் முளைக்கும். "சிவனொளிபாதமலை போவமா?" எண்டு ஒருத்தர் கேட்பார். அஞ்சு பேர் நெருப்பு இமோஜி போடுவினம், ரெண்டு பேர் "டேட் சொல்லுங்கோ" என்பினம். வைகாசிப் பௌர்ணமியோடு சீசன் முடியும் வரை இதே கதைதான். நானும் அந்தக் குரூப்புகளில் இருக்கிறவள்தான். மலைக்குப் போகாதீங்கோ எண்டு சொல்ல இதை எழுதவில்லை. நாங்கள் பிளான் பண்ணுற விதம் பிழை எண்டுதான் சொல்ல வாறன்.

பிளான் எல்லாருக்கும் பாடம். வெள்ளி இரவு 9 மணிக்கு கேடிஎச் வான். கொட்டாஞ்சேனையில் நாலு பேர், காலி வீதியில் மிச்ச ஆட்கள், அவிசாவளையில் கொத்து. பிறகு ஏ7 வீதியால் கித்துள்கல, கினிகத்தேனை, ஹட்டன். அங்கிருந்து மஸ்கெலியா தாண்டி நல்லதண்ணி. இரவு 2 மணிக்கு ஏறத் தொடங்கினால் 5,000க்கு மேற்பட்ட படிகள், 2,243 மீற்றர் உச்சி, சூரிய உதயம், போட்டோ. பகல் இறங்கி, சனி பின்னேரமே கொழும்பு.

போன சீசனில் எங்கட குரூப்புக்கு ஒரு கூகிள் ஷீட்டே இருந்தது. டோர்ச், ஜக்கட், சித்தாலேப, ஜீவனி, பவர் பேங்க், ஸ்பீக்கர் ஆர் கொண்டுவாறது, ஆருக்கு மரக்கறிச் சாப்பாடு எண்டு எல்லாம் அதில் இருந்தது. டிரைவர் அண்ணாவுக்கு இருந்தது ஒரே ஒரு வரி. அவருடைய ஹயர் காசு.

திரும்பி வரும்போது எனக்குச் சத்தி வரும் எண்டு முன் சீற்றைத் தந்தார்கள். கினிகத்தேனை தாண்டி இறங்குகிறோம், பகல் 2 மணி இருக்கும். பின்னால் எல்லாரும் ஆளுக்கு மேல் ஆள் சாய்ந்து நித்திரை. நானும் கண்ணை மூடப்போன நேரம் அண்ணா சொன்னார், "தங்கச்சி, நீங்களும் படுத்திடாதீங்கோ. ஏதாவது கதைச்சுக்கொண்டு வாங்கோ." திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியை முழுசா இறக்கி, ஈரத் துவாயைக் கழுத்தில் போட்டிருந்தார்.

"எப்ப அண்ணா எழும்பினீங்கள்?"

"நேற்று விடிய நாலரைக்கு. ஸ்கூல் ஓட்டம் இருக்குத்தானே."

கிழமை நாட்களில் காலையும் பகலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். வெள்ளி பின்னேரம் வானைக் கழுவி எங்களை ஏற்ற வந்திருக்கிறார். நாங்கள் மலையில் நிற்க, வாகனத் தரிப்பிடத்துக் குளிரிலும் ஹோர்ன் சத்தத்திலும் சீற்றைச் சரித்து மூன்று மணித்தியாலம் கண் மூடினாராம். நான் விரல் விட்டு எண்ணினேன். முப்பத்து மூன்று மணித்தியாலத்தில் மூன்று மணித்தியால நித்திரை. அதுக்குப் பிறகு வீடு வரும்வரை நான் கதைத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கதைத்ததில்லை.

24 மணித்தியாலம் நித்திரை இல்லாத ஒருவரின் நிதானம், இரத்தத்தில் 0.10 சதவீதம் மது உள்ளவருடையதைப் போல இருக்கும் என்கின்றன ஆய்வுகள். வெறியில் ஓட்டுகிற ஒருவரின் வானில் எங்களில் ஆராவது ஏறுவமா? அதோடு, உடம்பு தானாகவே சோர்கிற நேரம் இரண்டு: விடியப்புறமும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகும். எங்கட பிளான் திரும்பி வாற மலைவீதியை மிகச் சரியாக இந்த இரண்டாவது நேரத்தில்தான் வைக்கிறது.

2025 மே 11 விடியற்காலை கொத்மலை, கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருடம் செப்டெம்பர் 4 இரவு, எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா போன பஸ் விழுந்து 15 பேர். அவற்றுக்குக் காரணம் நித்திரை எண்டு நான் சொல்ல வரவில்லை. மலைவீதியில் ஒரு சின்னப் பிழைக்கு என்ன விலை எண்டுதான் சொல்கிறேன்.

"அவர் பெரிய ஆள், ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லுவார்தானே" எண்டு ஒரு நண்பன் கேட்டான். சொல்ல மாட்டார். அவர் சொன்னால் அடுத்த வானைப் பிடிப்போம் எண்டு அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

சரி, ஏன் சனி இரவு ரூம் எடுத்துத் தங்கவில்லை? காசு ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் இல்லை. டிரைவருக்கும் சேர்த்து எடுத்தாலும் ஆளுக்கு ஒரு சீஸ் கொத்துக் காசுதான் கூட வரும். உண்மையான காரணம் வீடு. பொம்பிளைப் பிள்ளைகள் வெளியில் இரவு தங்கக்கூடாது. ஆனால் இரவு முழுக்க வானில் ஓடலாம்! அது தங்குறது இல்லையாம், "போயிட்டு வாறது". எங்கட அம்மாமாருக்கு ரூம் பயம், வீதி பயமில்லை. நாங்களும் அந்தக் கணக்குக்குத் தலையாட்டி, அந்தப் பாரத்தை மொத்தமாக ஒரு மனுசனின் கண் இமையில் ஏற்றி வைக்கிறோம்.

வேற மாதிரிச் செய்யலாம். கோட்டையில் ரயில் ஏறி ஹட்டனில் இறங்கினால், சீசன் காலத்தில் நல்லதண்ணிக்கு பஸ் இருக்கு. வான்தான் வேணும் எண்டால் (பாட்டு, கூத்து, எனக்கும் விருப்பம்தான்) சனி காலமை வெளிக்கிடுங்கோ. பின்னேரம் போய்ச் சேர்ந்து, கொஞ்சம் படுத்து, இரவு ஏறுங்கோ. அந்த இரவு முழுக்க டிரைவர் கட்டிலில் படுக்கட்டும். ஞாயிறு காலமை இறங்கி, சாப்பிட்டு, அவரிடம் "நல்லா நித்திரை கொண்டீங்களா?" எண்டு கேட்டுவிட்டு ஏறுங்கோ. புக் பண்ணும்போதே, முதல் நாள் அவருக்கு என்ன ஓட்டம் எண்டும் கேளுங்கோ. கேட்க வெட்கமாகத்தான் இருக்கும்.

இந்த முறை எங்கட ஷீட்டில் முதலாவது வரி "டிரைவர் அண்ணாவுக்கு ரூம்". இரண்டாவது, "அம்மாமாரிடம் கதைக்கிறது". ஒன்பது பேரில் ஆறு வீடு ஓமெண்டாச்சு. என்ரை அம்மா இன்னும் இல்லை. நேற்று இரவு, கழுத்தில் ஈரத் துவாய் போட்ட அந்தக் கதையை அவவுக்கு முதல் தடவையாகச் சொன்னேன். ஒண்டும் சொல்லாமல் எழும்பிப் போய் குசினி லைற்றை நிப்பாட்டினா.